கென்யப் பயணமும் ஓராண்டுத் தவணையும்

தனிநபர் கடன் விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்றொரு கட்டம் உண்டு. பெரும்பாலோர் அதில் திருமணம், மருத்துவம், வீட்டுப் பழுதுபார்ப்பு என்று எழுதுவர். சிலர் ‘குடும்பச் செலவு’ என்று எழுதி முடித்துவிடுவர். 2024 ஜூன் மாதத்தில் சாகண் கிளையில் என் மேசைக்கு வந்த விண்ணப்பம் ஒன்றில் ‘கென்யா சுற்றுலா’ என்றிருந்தது. கேட்ட தொகை 9 லட்சம் ரூபாய்; திருப்பிச் செலுத்தும் காலம் ஐந்து ஆண்டுகள்.

விண்ணப்பித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரர். ஓசூரில் வேலை கற்று, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளராகச் சாகணுக்கு வந்தவர். வெங்காயச் சந்தைக்குப் பெயர்பெற்றிருந்த இவ்வூர், மோட்டார் வாகனத் தொழிலின் ஊராக மாறிய பிறகு, இப்படி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. மாதம் ஒருமுறையேனும் எங்கள் கிளையில் தமிழில் பேசிவிட்டுப் போவதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

“எதற்குக் கென்யா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டேன்.

அவருடைய தந்தைக்கு அப்போது 71 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி திம்பம் மலைப்பாதையில் கழிந்தது. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் யானை குறுக்கே வருவது புதிதன்று. ஆனால் ஒவ்வொரு முறையும் பின்னால் ஐம்பது பயணிகள், கையில் நேர அட்டவணை, எப்போது திரும்பிப் பாயுமோ என்ற அச்சம். யானையை ஆயிரம் முறை கண்டிருக்கிறார். ஒருமுறைகூட நிம்மதியாகப் பார்த்ததில்லை. பேத்தி கைப்பேசியில் காட்டிய ஒரு படத்தில், கிளிமாஞ்சாரோ மலை பின்னணியில் நிற்க, திறந்த புல்வெளியில் யானைக் கூட்டமொன்று நடந்து செல்கிறது. கென்யாவின் அம்போசெலி அது. அந்தப் படத்தை அவர் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மகன் சொன்னார்.

முதுமலை இருக்கிறதே, கபினி இருக்கிறதே, சிங்கம் வேண்டுமானால் கீர் இருக்கிறதே என்று இதைப் படிக்கும் சிலர் நினைக்கக்கூடும். கையிருப்பு இடம் கொடுக்காதவர்களுக்கு அவையே சரியான விடை என்பதில் எனக்கு ஐயமில்லை. 2025 கணக்கெடுப்பின்படி குஜராத்தில் 891 சிங்கங்கள் உள்ளன. அவற்றைக் காண டாலர் வேண்டியதில்லை. ஆயினும் ஒருவர் எதை ஆசைப்பட வேண்டும் என்று வங்கி தீர்மானிப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆசைக்கு அவர் கொடுக்கப் போகும் விலை சரிதானா என்று பார்ப்பதே என் வேலை என்று கருதுகிறேன். அன்று அவர் கொடுக்கவிருந்த விலை சரியாக இல்லை.

பயண முகவர் ஒருவர் கொடுத்திருந்த மதிப்பீட்டில், ஐந்து பேருக்கு ஏழு இரவுகள், ஆகஸ்டு மாதம், ஜி.எஸ்.டி. உட்பட 11 லட்சம் ரூபாய். இரண்டு லட்சம் கையிலிருந்து, ஒன்பது லட்சம் கடன். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஒன்பது லட்சத்துக்கு ஐந்தாண்டு மாதத் தவணை ஏறத்தாழ 20,000 ரூபாய். மொத்தம் செலுத்துவது 12 லட்சத்துக்குச் சற்று மேல். வட்டி மட்டும் 3 லட்சம். அதாவது ஐவர் சென்றுவர, ஆறாவது ஒருவருக்கும் ஏழாவதாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதாகும். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போதும் அந்த யானைக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும். எனக்கு உறுத்தியது இதுவே. வீட்டுக்கடனில் வீடு மிஞ்சும்; கல்விக்கடனில் பட்டம் மிஞ்சும். பயணக் கடனில் நினைவு மிஞ்சும் என்பது உண்மையே. ஆனால் நினைவை அடகு வைத்து அடுத்த கடனை வாங்க இயலாது.

வணிகவியல் படித்தவனுக்குச் செலவைக் கண்டால் உடனே இரண்டாகப் பிரிக்கத் தோன்றும்: ஆள் எண்ணிக்கையோடு மாறாத செலவு, மாறும் செலவு. வனவிலங்குப் பயணத்துக்கு இந்தப் பழைய பாடம் மிக நன்றாகப் பொருந்துகிறது. மேற்கூரை திறக்கும் வாகனம், அதன் எரிபொருள், ஓட்டுநரும் வழிகாட்டியுமான அந்த ஒருவரின் ஊதியம் ஆகியவை இருவர் அமர்ந்தாலும் ஆறு பேர் அமர்ந்தாலும் ஒன்றே. ஆகவே இருவர் மட்டும் செல்லும் பயணம் தலைக்குக் கணக்கிட்டால் எப்போதும் விலை கூடியதாகவே இருக்கும். ஐவர் செல்வது அந்த வகையில் இவருக்குச் சாதகம். விமானக் கட்டணம், அறை வாடகை, பூங்கா நுழைவுக் கட்டணம் ஆகிய மூன்றும் தலைக்குத் தலை ஏறுபவை. முதல் இரண்டையும் எல்லோரும் விசாரிக்கிறார்கள். மூன்றாவதை யாரும் விசாரிப்பதில்லை.

மசாய் மாரா வனக் காப்பகத்தை நரோக் மாவட்ட அரசு நிர்வகிக்கிறது. 2024 முதல் அங்கே வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒன்பது முதல் பதினேழு வயது வரையுள்ளோருக்கு ஆண்டு முழுவதும் 50 டாலர். நாள் என்றால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரையான பன்னிரண்டு மணி நேரம். இவருடைய திட்டத்தில் மாராவில் மூன்று நாள்கள். பெரியவர் நால்வர், சிறுமி ஒருத்தி. ஆகஸ்டில் சென்றால் 2,550 டாலர். ஜூனில் சென்றால் 1,350 டாலர். வேறுபாடு 1,200 டாலர், அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய். அதே புல்வெளி, அதே சிங்கம். மதிப்பீட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘பூங்காக் கட்டணம் உயர்ந்தால் வேறுபாட்டைப் பயணியே ஏற்க வேண்டும்’ என்று ஒரு வரியும் இருந்தது. அதை அவர் படித்திருக்கவில்லை.

ஆகஸ்டில் ஏன் இரட்டிப்பு? செரெங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் மாரா ஆற்றைக் கடந்து வரும் காலம் ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை. விளம்பரங்களில் நாம் காணும் அந்தப் புகைப்படம் அப்போது எடுக்கப்பட்டது. அதைக் காணவே செல்கிறவர் இரட்டைக் கட்டணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கொடுத்தபின்னும் ஆற்றங்கரையில் அரைநாள் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பலாம். ஆனால் யானையும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கின்றன. யானையைக் காணச் செல்லும் ஒரு பெரியவர் வில்டபீஸ்டுக்கான கட்டணத்தைக் கட்டுவது, சாதா வண்டியில் ஏறிவிட்டு ஏசி வண்டிக்குச் சீட்டு வாங்குவது போன்றது.

அடுத்து வரி. இந்தியாவில் உள்ள முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால், அவர் விலையின்மேல் டி.சி.எஸ். எனப்படும் வரியை வசூலிப்பார். 2024 ஜூனில் இருந்த விதிப்படி, ஒரு நிதியாண்டில் முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பதினொரு லட்சத்துக்கு 35,000 ரூபாயும் 80,000 ரூபாயும் சேர்ந்து 1,15,000 ரூபாய். இந்தத் தொகை மதிப்பீட்டில் இல்லவே இல்லை! 2025 ஏப்ரல் முதல் வரம்பு 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதன்படி 2025–26 நிதியாண்டில் இதே தொகைக்கு 70,000 ரூபாயாக இருந்தது. இது செலவன்று, முன்கூட்டிச் செலுத்தும் வரியே. வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரர்களுக்கு 2024 அக்டோபர் முதல் இன்னொரு வசதியும் வந்துள்ளது. உரிய படிவத்தில் இதைக் குறித்து நிறுவனத்தில் கொடுத்தால், சம்பளத்தில் பிடிக்கும் வரியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வார்கள். சாகண் தொழிற்பேட்டையில் பணிபுரிவோரில் இதை அறிந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். எப்படியாயினும், திரும்பி வரும் பணமும் புறப்படுமுன் கையில் இருந்தாக வேண்டிய பணமே. திட்டத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்காதவர் கடைசி வாரத்தில் கடன் அட்டையைத் தேய்ப்பார்.

நான் அவருக்குச் சொன்ன யோசனை எளியது: ஓராண்டு தள்ளிப்போடுங்கள். 2025 ஜூன் முதல் வாரத்தில் செல்லுங்கள். மார்ச் முதல் மே வரையான நீண்ட மழை அப்போது ஓய்ந்திருக்கும். பூங்காக் கட்டணம் பாதி. மகாராஷ்டிரத்தில் பள்ளி இன்னும் திறந்திராது. ஏழு இரவுகளை ஐந்தாக்குங்கள். அம்போசெலியையும் மாராவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுங்கள். இதற்கிடையில் மாதம் 35,000 ரூபாய் தொடர் வைப்பில் போடுங்கள். ஐந்தாண்டுத் தவணையாக இருபதாயிரம் கட்டத் துணிந்தவர், ஓராண்டு மட்டும் முப்பத்தைந்தாயிரம் கட்ட முடியாதா?

இதுவரை எழுதியதைப் படிப்பவர், வங்கி அலுவலர் வழக்கமாகச் சொல்லும் அறிவுரைதானே என்று எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அவர் எழுந்து போகும்போது ஒன்று சொன்னார்: “சார், பணத்துக்கு ஓராண்டு பெரிதில்லை. அப்பாவின் முழங்காலுக்கு?”

அன்று என்னிடம் விடை இல்லை. காலம் கடத்தினால் பணம் வளரும் என்பதே எங்கள் தொழிலின் அடிப்படை. கூட்டுவட்டிப் பட்டியலில் 30 வயதுக்காரரின் ஓராண்டும் 71 வயதுக்காரரின் ஓராண்டும் ஒரே கட்டத்தில்தான் இருக்கின்றன. வாழ்க்கையில் அப்படி இல்லை. மூத்தோருக்கான பயணத்தில், தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. அதை ரூபாயில் எழுத இயலவில்லை என்பதற்காக அது பூஜ்யம் ஆகிவிடாது. ஆகவே இளம் தம்பதியர் வந்து கேட்டால் ‘மூன்றாண்டு சேமியுங்கள்’ என்று தயங்காமல் சொல்லும் நான், பெற்றோரை அழைத்துச் செல்வோரிடம் இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஓராண்டுக்குள் எவ்வளவு சேருமோ அந்த அளவுக்குப் பயணத்தைச் சுருக்குங்கள், பணம் சேரும் வரை பயணத்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள் என்கிறேன்.

மூத்தோர் பயணத்தில் மருத்துவக் கேள்வி முன்பணத்துக்கும் முந்தியது. கென்யாவிலிருந்து திரும்பும் எவரிடமும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றை நம் நாட்டு விமான நிலையத்தில் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து நேரே செல்பவரிடம் கென்யா கேட்பதில்லை என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. சான்று இல்லையெனில் ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளுக்குப் பிறகே சான்று செல்லுபடியாகும். பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும். அரசு அனுமதி பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனம் அவற்றுள் ஒன்று. அறுபது வயது கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு வாய்ப்புக் கூடுதல் என்பதால் மருத்துவர் ஆராய்ந்தே அனுமதிப்பார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பயணத் திட்டமே மாறும். தென்னாப்பிரிக்கா போன்ற, இந்தச் சான்று தேவைப்படாத நாட்டைத் தேர்ந்தெடுக்க நேரலாம். முன்பணம் கட்டிவிட்டு மருத்துவரிடம் செல்பவர்கள் அந்த முன்பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். இவர் முதலில் மருத்துவரிடம் சென்றார். பெரியவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, அனுமதி கிடைத்தது.

பயணக் காப்பீட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. எழுபது கடந்தவருக்குப் பிரீமியம் கூடுதல்தான். அதைக் குறைக்க, இருக்கும் நோயை மறைத்து எழுதும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. இழப்பீடு கேட்கும் நாளில் அது தெரிந்துவிடும். மாராவில் உடல்நலம் கெட்டால் சிறு விமானத்தில்தான் நைரோபிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்தச் செலவு பாலிசியில் அடங்குகிறதா என்ற ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

மற்றவை சில்லறைச் செலவுகள். கென்யாவில் 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி. வழிகாட்டிக்கு அன்பளிப்பு என்பது அங்கே ஊதியத்தின் ஒரு பகுதி போன்றது. நாளொன்றுக்கு வாகனத்துக்கு 20 டாலர் வைத்துக்கொள்ளலாம். டாலர் நோட்டுகள் புதியவையாக இருக்கட்டும். பழைய ஆண்டுகளில் அச்சிட்டவற்றை அங்கே வாங்கத் தயங்குவார்கள். கடை இயந்திரம் ‘ரூபாயில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே 2017 முதல் தடை என்பதால், ஊறுகாயைப் பையில் கட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வேடிக்கை: நம் ரூபாயே 1920 வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் செலாவணியாக இருந்தது. உகாண்டா இரயில் பாதையை இட்டவர்கள் இந்தியத் தொழிலாளர்கள். நைரோபி நகரம் 1899-இல் அந்த இரயில்வேயின் கிடங்காகத்தான் பிறந்தது. அன்று மாற்று விகிதக் கவலையின்றிச் செலவிட்டிருக்கலாம்!

இன்று அந்தக் கவலை இருக்கிறது. 2024 ஜூனில் டாலர் 83 ரூபாய் 50 காசு அளவில் இருந்தது. 2025 ஜூனில் 86-ஐ ஒட்டி இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. தள்ளிப்போட்டதால் பூங்காக் கட்டணத்தில் மிச்சமானதில் ஒரு பகுதியை டாலர் தின்றுவிட்டது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. டாலரில் செலவாகவிருக்கும் எந்தத் திட்டத்துக்கும் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் கூடுதலாக ஒதுக்குவது நல்லது.

கடைசியில் கணக்கு இப்படி அமைந்தது. தொகுப்பின் விலை 7 லட்சத்து 60 ஆயிரம். மும்பை போய்வரும் வண்டி, ஊசி, காப்பீடு, அன்பளிப்பு முதலியவை 70 ஆயிரம். டி.சி.எஸ். 38 ஆயிரம். ஆக 8 லட்சத்து 68 ஆயிரம். தொடர் வைப்பு வட்டியுடன் 4 லட்சத்து 35 ஆயிரம் தந்தது. தீபாவளிப் போனஸ் ஒன்றேகால் லட்சம். அவருடைய நிரந்தர வைப்பின்மேல் கடன் ஒரு லட்சத்து 60 ஆயிரம்; அதன் வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதல், தனிநபர் கடனைவிட மிகக் குறைவு. மீதம் ஒன்றரை லட்சம், பெரியவர் தம் ஓய்வுகாலப் பணத்திலிருந்து கொடுத்தது.

அந்த ஒன்றரை லட்சத்தை நான் எதிர்த்தேன். ஓய்வுபெற்றவரின் வைப்பைத் தொடக்கூடாது என்பது என் நீண்ட நாள் கொள்கை. கிளைக்கு வந்து, காசோலையை மேசைமேல் வைத்து, “என் டிக்கெட்டை நான்தான் எடுக்கோணுமுங்க தம்பி. ஓசிப் பயணம் நம்ம வண்டியிலேயே நான் விட்டதில்லை” என்றார் பெரியவர். அதற்குமேல் நான் பேசவில்லை. இன்று யோசித்தால் அவர் செய்ததே சரி என்று தோன்றுகிறது. கொள்கையை இன்னும் கைவிடவில்லை என்பதும் உண்மை.

2025 ஜூனில் சென்று வந்தார்கள். அந்த ஓராண்டில் முழங்கால் சற்று மோசமாகியிருந்தது. அந்த வாகனத்தின் படி உயரமானது. ஒவ்வொரு முறையும் வழிகாட்டி ஒரு முக்காலியைக் கீழே வைத்து ஏற்றினாராம். மாராவில் கடைசி நாள் காலை பெரியவர் விடுதியிலேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் அன்றுதான் சிறுத்தையைக் கண்டார்கள். முந்திய ஆகஸ்டில் சென்றிருந்தால் அவரும் ஏறியிருப்பார் என்று மகன் சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டேன். வட்டியில் மிச்சமான தொகைக்கு எதிரே அந்தக் காலைப் பொழுதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆகஸ்டில் பெரியவர் தம் வைப்பைப் புதுப்பிக்க வந்தார். பழைய ரசீதில் இருந்ததைவிட ஒன்றரை லட்சம் குறைவான புதிய ரசீது. கையொப்பமிடுமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அம்போசெலியில ஒரு கூட்டம், குட்டியோட, ரோட்டைத் தாண்டுச்சுங்க. அந்த டிரைவர் எஞ்சினையே ஆஃப் பண்ணிட்டாரு தம்பி. நாப்பது நிமிஷம். ஒருத்தரும் ‘எப்பப் போவோம்’னு கேக்கல.” பிறகு ரசீதை வாங்கி, முதிர்வுத் தேதியைப் பேத்தியின் பள்ளி விடுமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதை ஒரு மாதம் முன்னதாக மாற்றித் தரமுடியுமா என்று கேட்டார்.